மூணு பத்துக்கு ஒரு பிணம்

பிணத்தைக் காணோம்!

நேற்றும் இதே கதை. முந்தாநாளும் இதே கதை.

பிணத்தின் எடை அரை கிலோ. நிறம், ரத்தச் சிவப்பு. உள்ளே கோஸ், பூண்டு, மிளகாய்த்தூள்...

ஆமாம்... கிம்ச்சி பாக்கெட்! கொரியாக்காரர்களின் கோஸ் ஊறுகாய்!

ஹேனம் ஊர் கிம்ச்சி ஃபேக்டரியில் தரம் பார்க்கும் குக் மல்சுன், சிவப்புத் தொட்டிக்குள் தலையை விட்டுத் தேடினாள்.

தொட்டி காலி!

தலைக்கு மேல் ஸ்கேன் மெஷின் இன்னும் அலறிக்கொண்டிருந்தது. கர்ப்பிணிகளுக்கு எடுக்கிற ஸ்கேனுக்கு ஒன்றுவிட்ட தம்பி அது. சூட்டில் ஒட்டிய பாக்கெட்டின் வாய்க்குள், காதுக்கு எட்டாத சத்தத்தை மேலிருந்து அனுப்பும். ஒட்டு சரியாக இருந்தால் சத்தம் கீழே போய்ச் சேரும். நடுவில் காற்றோ மிளகாய்த் துணுக்கோ மாட்டியிருந்தால்... சேராது. உடனே ஓர் அலறல்! பாக்கெட்டைச் சிவப்புத் தொட்டிக்குள் ஒரு தள்ளு! தொட்டியில் விழுந்தது விற்பனைக் கணக்கில் வராது.

ஒரு மாதமாகத் தினம் ஓர் அலறல் மட்டும் நேரம் தவறுவதில்லை. சரியாக மூன்று மணி பத்து நிமிடம்.

"மல்சுன்!"

முதலாளி பியோ தேசிக் வந்துவிட்டார். கையில் வழக்கம்போல் டிபன் டப்பா.

"மறுபடியும் கத்திருச்சா உன் மெஷினு?"

"கத்துச்சு முதலாளி."

"எங்க அந்த ஓட்டைப் பாக்கெட்?"

"காணோம் முதலாளி..."

"காணோமா! கால் முளைச்சு பஸ் ஏறிப் போயிருச்சா? அது கத்தறப்பல்லாம் பெல்ட் இருபது நிமிஷம் நிக்குது! நாளைக்கும் மூணு பத்துக்குக் கத்துச்சு... மெஷின் பழைய இரும்புக்கு! நீ உப்புத் தொட்டிக்கு!"

மல்சுன் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டாள். பன்னிரண்டு வருஷம் உப்புத் தொட்டியில் கோஸ் புரட்டியவள் அவள். விரல் வெடிப்பெல்லாம் இப்போதுதான் ஆறியிருந்தது.

முதலாளி டப்பாவைத் திறந்து ஒரு துண்டை வாயில் போட்டார்.

"நீங்க போடறதும் ஒரு கிம்ச்சியா? இது பாரு... என் வீட்டுக்காரி கையால போட்டது! இந்தக் கைப்பக்குவம் உங்க ஏழு தலைமுறைக்கும் வராது!"

இந்தப் பாட்டும் தினம் உண்டு. ஒவ்வொரு பாக்கெட்டிலும் அந்த அம்மாள் ஹா யோன்சிலின் சிரித்த முகத்தை அச்சடித்தவர் அவர்.

முதலாளி போனதும், சீல் போடும் சோல்து பக்கத்தில் வந்து கிசுகிசுத்தான்.

"அக்கா... பேய்க்கா!"

"வாயை மூடுடா. இந்தப் படத்தைப் பாரு."

திரையில் அன்றைய பாக்கெட்டின் ஸ்கேன் படம். ஒட்டின் நடுவே ஒரு கறுப்புப் புள்ளி.

"மிளகாய்த் துணுக்கு மாட்டினா எப்படிடா தெரியும்?"

"கோணல்மாணலா."

"இது?"

"வட்டம்!"

"நேத்து?"

"வட்டம்!"

"ஒரு மாசமும் இதே வட்டம்தான். காம்பஸ் வச்சுப் போட்ட மாதிரி!"

"கணக்கு வாத்தியார் பேய் போலிருக்குக்கா!"

மல்சுன் அவன் தலையில் ஒரு தட்டுத் தட்டினாள்.

"சீல் நல்லாத்தான் இருக்கு. யாரோ அது மேல வட்டமா எதையோ ஒட்டறாங்க. அடியில காத்து மாட்டிக்குது. சத்தம் தாண்டல. மெஷின் கத்துது!"

"நல்ல பாக்கெட்டை எதுக்குக்கா கொல்லணும்?"

"கொலை இல்லடா..." மல்சுனின் கண்கள் இடுங்கின.

"கடத்தல்!"

மறுநாள். மணி மூன்று.

சிவப்புத் தொட்டிக்குப் பக்கத்தில் கோஸ் கூடைகளின் அடுக்கு. அதன் பின்னால் மல்சுன் மூச்சைப் பிடித்துக்கொண்டு குந்தியிருந்தாள்.

"கிழங்கு... சுடச்சுடக் கிழங்கு!"

முதலாளியம்மா யோன்சில்! தினமும் இந்த நேரத்துக்கு அவித்த சர்க்கரைவள்ளிக் கிழங்கோடு வருவார். வேலையாட்கள் மொய்த்துக்கொண்டார்கள்.

"தாடையில என்னம்மா, பளபளன்னு?" சோல்து வாய் நிறையக் கிழங்கோடு கேட்டான்.

"பருடா. அதுக்கு ஒட்டற ஒட்டு."

"இந்த வயசுலயா!"

"மனசுக்கு வயசாகலடா, தடியா!"

கூடைகளுக்குப் பின்னால் மல்சுன் நிமிர்ந்தாள். பருவுக்கு ஒட்டும் ஒட்டு... கண்ணாடி மாதிரி தெளிவு... சின்னதாக...

வட்டம்!

வீ...ல்ல்ல்!

மெஷின் அலறியது. எல்லோரும் திரையைப் பார்த்து ஓடினார்கள். ஒரு கை மட்டும் மெதுவாகச் சிவப்புத் தொட்டிக்குள் இறங்கியது.

மல்சுன் பாய்ந்து அந்தக் கையைப் பிடித்தாள்!

"ஐயோ, விடு மல்சுன்! கிழங்கு கொட்டுது!"

கிழங்கு கொட்டியது. யோன்சிலின் கையில் பாக்கெட். பாக்கெட்டின் வாயில் பரு ஒட்டு. அதற்குக் கீழே அவரே சிரித்துக்கொண்டிருந்தார்.

"அம்மா... நீங்களா!"

"மெதுவாப் பேசுடி!" முதலாளியம்மா அழாத குறை. "எனக்குக் கிம்ச்சி போட வராது. இத்தனை வருஷமா எங்கக்காதான் ரகசியமாப் போட்டுக் குடுத்தா. போன மாசம் அவ மக வீட்டுக்குக் கனடா போயிட்டா..."

"கடையில வாங்கறதுதானே?"

"என் மூஞ்சி போட்ட பாக்கெட்டை நானே போய் வாங்கவா? கடைக்காரன் சிரிக்க மாட்டான்?"

"என்னைக் கேட்டிருந்தா குடுத்திருப்பேனே!"

"இந்த ஃபேக்டரியில எவ ரகசியம் காப்பாத்துவா? மெஷின்கூடக் கத்துது!"

தடதடவென்று காலடிச் சத்தம்.

முதலாளி! டப்பாவும் கையுமாக.

"கத்திருச்சா? திருடன் சிக்கினானா இல்லையா? சொல்லு!"

மல்சுன் வாயைத் திறந்தாள். யோன்சில் பாக்கெட்டைக் கிழங்குக் கூடைக்குள் செருகிவிட்டு அவளைக் கெஞ்சலாகப் பார்த்தார். சொன்னால் முப்பது வருஷக் குடும்பத்தின் மானம் போகும். சொல்லாவிட்டால்... உப்பு!

மல்சுனின் விரல்கள் இப்போதே எரிந்தன.

"சிக்கல முதலாளி."

"அப்ப நாளைக்கே உப்புத் தொட்டிக்குப் போ! ஒரு பாக்கெட்டைப் பார்த்துக்கத் துப்பில்ல... என் வீட்டுக்காரி கால் தூசுக்கு வருவியா?" முதலாளி ஆத்திரத்தோடு டப்பாவிலிருந்து ஒரு வாய் அள்ளிப் போட்டு மென்றார். "ஆகா... இதுல்ல கிம்ச்..."

நின்றார்.

மறுபடி மென்றார்.

வாய்க்குள் விரலை விட்டு மெல்ல இழுத்தார்... நீளமாக ஒரு பிளாஸ்டிக் பட்டை! அவசரத்தில் வெட்டிய பாக்கெட்டின் வாய்! ஒரு முனையில் வட்டமாகப் பரு ஒட்டு. மறுமுனையில் அச்சடித்த ஒரு கண்ணும், பாதிச் சிரிப்பும்!

முதலாளி பட்டையைப் பார்த்தார். மனைவியின் தாடையைப் பார்த்தார். கீழே உருண்ட கிழங்குகளைப் பார்த்தார்.

"அப்போ... ஒரு மாசமா நான் தின்னது..."

"நம்ம சரக்குதான் முதலாளி" என்றாள் மல்சுன். "நீங்க ஒரு மாசமாப் புகழ்ந்ததும் நம்ம சரக்கைத்தான். மெஷினும் பொய் சொல்லல. பரு ஒட்டு இருந்துச்சு... சொல்லுச்சு!"

சோல்து கைதட்டினான். ஃபேக்டரியே கைதட்டியது.

முதலாளியின் முகம் டப்பாவிலிருந்த கிம்ச்சிக்குப் போட்டியாகச் சிவந்தது. மூன்று முறை செருமினார்.

"சரி சரி... மெஷின் இருக்கட்டும். நீயும் இங்கயே இரு."

இரண்டடி போனவர், மனசு கேட்காமல் திரும்பினார்.

"இருந்தாலும்... வீட்டுல சாப்பிடறப்போ ஒரு தனி ருசி இருக்குய்யா! அது இவ கைப்பக்குவம்தானே?"

மல்சுன், கிழங்குக் கூடையின் அடியில் எட்டிப் பார்த்த முதலாளியம்மாவின் கத்தரிக்கோலை எடுத்துத் தூக்கிக் காட்டினாள்.

"கைப்பக்குவம் இல்ல முதலாளி... கத்தரிக்கோல் பக்குவம்!"