வேலாயுதத்தின் இருக்கை

பம்புப் பிடி சூடாக இருந்தது.

பழுது பார்த்தபின் மூன்று வாரமாக யாரும் தொடாத வண்டி. கிள்ளான் பட்டறையின் பின்கொட்டகையில் படுதா போர்த்திக் கிடந்த, தோட்டத்துத் துரையின் பந்தயக் கார். மழை ஈரத்தில் இரும்பெல்லாம் சில்லிட்டிருக்க, அந்த மரப்பிடி மட்டும், யாரோ இப்போதுதான் கையை எடுத்ததுபோல வெதுவெதுப்பாக, கொஞ்சம் பிசுபிசுப்பாகவும் இருந்தது. உர்சுலா கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள். அதைப் பற்றிப் பேச நேரமில்லை. மடியில் டொரத்தி மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தாள்.

இரண்டு வயதுக் குழந்தை. "தொண்டை அடைப்பான்மா. அந்த ஊசி மருந்து கோலாலம்பூர்லதான் இருக்கு. இருட்டுறதுக்குள்ள போட்டாகணும்" என்று தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸ்ஸர் சொல்லி அரை மணி ஆகிறது. மண் சரிந்து அன்று ரயிலும் இல்லை. துரை பினாங்குக்குப் போயிருந்தார். அவருடைய வண்டியைச் சோதித்து ஓட்டும் ரபேல், உர்சுலாவின் புருஷன், யாரையும் கேட்காமல் படுதாவை இழுத்தெறிந்தான்.

"பெட்ரோல் டாங்கி பின்னால இருக்கு. காத்தடிச்சாத்தான் முன்னால வரும். விடாம பம்பு அடி. நிறுத்தினா இஞ்சின் செத்துடும்."

"புள்ளைய யாரு புடிக்கிறது?"

"ஒரு கையில புடி. ரொம்ப வலிச்சா தோள்ல ரெண்டு தட்டு தட்டு, நான் மாத்திக்குவேன். வேலாயுதம் அப்பிடித்தான்..." அவன் முடிக்கவில்லை.

இப்போது உர்சுலா உட்கார்ந்திருந்த இருக்கை வேலாயுதத்துடையது; ரபேல் ஓட்டும்போது பக்கத்தில் இருந்து பம்பு அடிப்பவன் அவன்தான். சோதனை ஓட்டத்தில் பத்து தீகா என்ற ஊரின் வளைவில் வண்டி ரப்பர் மரத்தில் மோதியபோது, ரபேலுக்குக் கை பிசகியதோடு போயிற்று. வேலாயுதம் அங்கேயே முடிந்துபோனான். அவன் விரல்களை இந்தப் பிடியிலிருந்து ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தார்களாம். உயிரோடு இருந்தபோது டொரத்தியை மடியில் உட்காரவைத்து, "அடி பாப்பா, பம்ப அடி! இல்லாட்டி உங்கப்பன் வண்டி படுத்துக்கும்" என்று கூத்தடிப்பான்.

வண்டி சீறிக்கொண்டு ரோட்டில் ஏறியது. கூரை இல்லை, கதவு இல்லை, முன்கண்ணாடிகூட இல்லை. மழை ஊசி ஊசியாக முகத்தில் குத்த, இஞ்சினில் எரியும் விளக்கெண்ணெயின் நாற்றம் தொண்டைக்குள் இறங்க, இருபுறமும் ரப்பர் மரங்கள் வரிசை வரிசையாகத் திறந்து மூடிக்கொண்டிருந்தன. அவள் உள்ளே தள்ளினாள், வெளியே இழுத்தாள். தோள்பட்டை எரிந்தது. இஞ்சின் சத்தத்துக்கு நடுவே குழந்தையின் மூச்சு மட்டும், ஓட்டைப் புல்லாங்குழலைப்போல, கீச்... கீச்... என்று அவள் காதுக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது. மாதாவே, அது நிற்கக் கூடாது.

பத்து தீகா வளைவில் பட்டை உரிந்த மரம் ஒன்று வெள்ளையாகத் தெரிந்து மறைந்தது. வண்டி குலுங்கியதில் டொரத்தி மடியிலிருந்து சரிந்தாள். உர்சுலா பிடியை விட்டுவிட்டு இரண்டு கையாலும் வாரி அணைத்தாள்.

இஞ்சின் சாகவில்லை.

"நல்லா அடிக்கிற லா!" ரபேல் ரோட்டிலிருந்து கண்ணெடுக்காமல் கத்தினான். "வேலாயுதம் மாதிரியே அடிக்கிற!"

அவள் குனிந்து பார்த்தாள். பிடி உள்ளே போனது. வெளியே வந்தது. ரபேலின் இரண்டு கைகளும் ஸ்டியரிங்கில் இருந்தன.

கத்தியிருக்கலாம். கத்தினால் வண்டியை நிறுத்துவான். நிறுத்தினால் பிள்ளை போய்விடும். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு குழந்தையை இறுக்கினாள். யாராக இருந்தாலும் சரி. அடிக்கட்டும். போய்ச் சேரும்வரை அடிக்கட்டும்.

கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே வீடுகளில் விளக்கேற்றும் நேரம். அப்போதுதான் கவனித்தாள். கீச்சுச் சத்தம் இல்லை.

டொரத்தியின் வாயருகே காதை வைத்தாள். ஒன்றும் கேட்கவில்லை. நெஞ்சில் கையை வைத்தாள். நெஞ்சு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. நிதானமாக. சீராக. அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. திணறல் போயிற்று, என் தங்கம்.

உடம்பு ஏன் இப்படிச் சில்லிட்டிருக்கிறது?

ஆஸ்பத்திரி வாசலில் ரபேல் இஞ்சினை நிறுத்திவிட்டு, "டாக்டர்! டாக்டர்!" என்று கத்திக்கொண்டே படியேறி ஓடினான்.

அமைதி. மழை.

சக்... சக்...

பிடி இன்னும் அசைந்துகொண்டிருந்தது. உள்ளே போனது; டொரத்தியின் நெஞ்சு ஏறியது. வெளியே வந்தது, நெஞ்சு இறங்கியது.

உள்ளே. ஏறியது.

வெளியே. இறங்கியது.

வெள்ளை உடுப்புக்காரர் ஒருவர் குடையோடு ஓடிவந்தார். "குடும்மா புள்ளைய!"

"தொடாதீங்க!"

"என்னம்மா நீ, குடு சீக்கிரம்!"

"வண்டிய விட்டு எறக்கக் கூடாது! ஐயா, எறக்காதீங்க!"

சக்...

மெதுவானது.

சக்.

இன்னும் மெதுவானது. நெஞ்சும்.

யாரும் இல்லாத பக்கம், அவள் இடது தோளில், களைத்த விரல்கள் பட்டன.

ஒரு தட்டு.

இரண்டு.

பிடி நின்றது. டொரத்தியின் நெஞ்சு பாதியில் நின்றது. உர்சுலா தாவிப் பிடித்தாள். பிடி சூடாக இருந்தது. உள்ளே தள்ளினாள். நெஞ்சு ஏறியது. இழுத்தாள். இறங்கியது.

படிக்கட்டில் ரபேல் டாக்டரோடு ஓடிவந்துகொண்டிருந்தான். மழைத்துளி ஒன்று டொரத்தியின் திறந்த கண்ணுக்குள் விழுந்து தேங்கி நின்றது. அந்தக் கண் இமைக்கவில்லை.

உர்சுலா அடித்துக்கொண்டே இருந்தாள்.