ரெக்சலின் ஒழுங்காக இருந்த வாரம்

அறுவை அரங்கில் டாக்டர் மகிழினிக்கு ஒரே ஒரு வேலைதான். வைத்த கையை எடுக்காமல் இருக்க வேண்டும்.

அன்றும் கைகழுவி, உறை மாட்டி, மேசையோரம் இருந்த இசைவுப்பிடியில் வலது உள்ளங்கையை வைத்தாள். பிடி அவளை அடையாளம் கண்டுகொண்டதும் எந்திரக்கை அசையத் தொடங்கியது. மனிதக் கை பிடியில் இருக்கும்வரைதான் எந்திரம் நோயாளியைத் தொடலாம் என்பது சட்டம். மற்றபடி கீறுவது, எலும்பைக் குடைவது, புது இடுப்பு மூட்டைப் பொருத்துவது எல்லாம் அதன் பாடு.

கையை எடுக்கவும் அவளுக்கு உரிமை உண்டு. எடுத்தால் எந்திரத்தின் திட்டம் ரத்தாகிவிடும். பிறகு நடப்பதெல்லாம் ‘மனித முடிவு’ என்று மருத்துவர் பெயரில் ஏறும். மூட்டு நழுவினால் உரிமம் போச்சு. அப்படி எடுத்த ஒரு புண்ணியவான் இப்போது கல்லூரியில் எலும்புகளின் பெயர் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருக்கிறார். தூத்துக்குடியில் அதன் பிறகு யாருக்கும் கையை எடுக்கத் தோன்றவில்லை. மகிழினியும் பல வருடமாக நிம்மதியாகத் தூங்கி வருகிறாள்.

மேசையில் ஒருக்களித்துப் படுத்திருந்தவர் ரெக்சலின். மீன் சந்தையில் மீன் வெட்டிக்கொடுப்பவர். தூக்க ஊசி வேண்டவே வேண்டாம் என்று அடம்பிடித்ததால் முதுகில் மட்டும் ஊசி போட்டிருந்தார்கள். இடுப்புக்குக் கீழே மரத்துவிட்டது. வாய் மரக்கவில்லை.

“டாக்டரம்மா, மிஷினு நல்லா வேல செய்யுதா?”

“செய்யுதும்மா. நீங்க அசையாம இருங்க.”

“செய்யாம என்ன? பெல்ட்டு கட்டுன வாரம் பூரா நான் எவ்வளவு ஒழுங்கா இருந்தேன் தெரியுமா?”

அவர் சொன்னது வாழ்வுப்பட்டையை. அறுவைக்கு முன் ஒரு வாரம் அதை இடுப்பில் கட்டிக்கொண்டு வழக்கம்போல் வாழ வேண்டும். நடப்பது, உட்காருவது, குனிவது எல்லாவற்றையும் அது அளக்கும். அந்த வாழ்க்கைக்கு ஏற்ற மூட்டை எந்திரம் திட்டமிடும்.

“ஒழுங்கான்னா எப்பிடிம்மா?” என்றாள் மகிழினி.

“மார்க்கெட்டு பக்கமே போகல. மவ வீட்டுல நாற்காலியிலதான் இருந்தேன். சாப்பாடு டேபிள்ல. கக்கூசு கூட இங்கிலீஷு கக்கூசு. கீழ குத்தவச்சா மிஷினு மார்க்க கொறச்சுரும்லா?”

மயக்க மருத்துவர் ஹபீப் சிரித்துவிட்டார். மகிழினிக்குச் சிரிப்பு வரவில்லை. திரையில் இருந்தது நாற்காலியிலேயே வாழும் ஒரு பெண்மணிக்கான மூட்டு. அப்படி ஒரு பெண்மணி உலகத்திலேயே இல்லை.

“மார்க்கெட்டுல எப்பிடி உக்காருவீங்க?”

“குத்தவச்சுத்தான், அருவாமணைய காலால மிதிச்சுக்கிட்டு. வலிச்சாலும் அப்பிடித்தான். நின்னுக்கிட்டு வெட்ட எனக்கு வராது.”

எந்திரக்கை குடைந்து முடித்து, குழியில் பொருத்த வேண்டிய கிண்ணத்தை எடுத்தது. ஹபீப் குரலைத் தாழ்த்தினார். “பட்டையில பதிவாகாதத அது ஏத்துக்காது மேடம். இனிமே குத்தவைக்கக் கூடாதுன்னு எழுதிக் குடுத்துருங்க.”

“கேப்பாங்களா?”

“கேக்கலன்னா அவங்க தப்பு. நம்ம தப்பு இல்லையே.”

அவளும் எத்தனையோ முறை சொன்ன சொல்தான். இன்று அதைக் கேட்கக் கூச்சமாக இருந்தது.

“அம்மா, இந்தக் கிண்ணத்த இன்னும் கொஞ்சம் முன்பக்கமா திருப்பி வச்சா நீங்க குத்தவைக்கலாம். ஆனா கால பின்னால எட்டி வைக்கும்போது நழுவுற ஆபத்து கூடும். மிஷின் அப்பிடி வைக்காது. நான்தான் வைக்கணும்.”

“முன்னால வச்சிருக்கியளா?”

“வச்சிருக்கேன். ரொம்ப வருஷமாச்சு.”

“கை நடுங்குமா?”

“தெரியலம்மா.”

ரெக்சலின் சற்று யோசித்தார். “உள்ளதச் சொல்லுதிய. வைங்க.”

மகிழினி கையை எடுத்தாள். எந்திரக்கை அந்தரத்தில் நின்றது.

“இசைவு விலக்கப்பட்டது. காரணம்?” என்று கேட்டது எந்திரம்.

“இவர் குத்தவைத்து உட்காருபவர்.”

“அதற்குத் தரவு இல்லை.”

“அவரே சொன்னார்.”

“மனித முடிவு. மருத்துவர் மகிழினி” என்று அறிவித்துவிட்டு எந்திரம் ஒதுங்கிக்கொண்டது.

சுத்தியல் அவள் நினைத்ததைவிடக் கனமாக இருந்தது. கோணத்தை ஒருமுறை வைத்துப் பார்த்து, திருத்தி, அடித்தாள். ஓசை மெல்ல மெல்லக் கெட்டிப்பட்டது. கிண்ணம் பிடித்துக்கொண்டது. மிச்சத்தையும் பொருத்தியபின் காலை மடக்கிப் பார்த்தாள், பின்னால் இழுத்துப் பார்த்தாள். மூட்டு நழுவவில்லை. அவள் முதுகெல்லாம் வியர்வை.

அன்றோடு தூக்கம் போயிற்று. மருத்துவமனையிலிருந்து அழைப்பு வந்தாலே, ரெக்சலினைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள் என்றுதான் முதலில் தோன்றியது. சில மாதங்கள் பொறுத்துப் பார்த்துவிட்டு, தாங்காமல் ஒரு காலையில் சந்தைக்கே போனாள்.

ரெக்சலின் குத்தவைத்து ஒரு பாரை மீனைத் துண்டு போட்டுக்கொண்டிருந்தார். டாக்டரைக் கண்டதும் முழங்காலில் கையூன்றி எழுந்தார்.

“இதப் பாக்கத்தான வந்திய? இன்னும் பயமா இருக்கா?”

“ஆமாம்மா.”

“எனக்கும் இருக்கு. ஒவ்வொரு தடவ எந்திரிக்கும்போதும் உங்களத்தான் நெனச்சுக்கிடுவேன். மிஷினயா நெனைக்க முடியும்?”

சொல்லிவிட்டு மறுபடி உட்காரப் போனார். மகிழினியின் வலது கை அவளை அறியாமல் முன்னால் நீண்டது, விழுந்தால் பிடித்துக்கொள்ள.