குப்பைத் தொட்டியில் வைத்த குரல்

ரிப்பேர்க்காரர் வந்தபோது காலை மணி பதினொன்று. லேத்துக்காரர் சங்கிலியைக் கழற்றாமல் கதவை நாலு விரற்கடை திறந்து, ஆளை மேலும் கீழும் அளந்தார். முப்பத்தெட்டு வருஷம் லேத்து மெஷினில் இரும்பு கடைந்தவர். அளக்காமல் எதையும் உள்ளே விடமாட்டார்.

"யாரு அனுப்பிச்சா?"

"உங்க பொண்ணுதான் போன் பண்ணாங்க ஐயா. கம்ப்யூட்டர்ல இடமே இல்லையாமே."

"பொண்ணு இருக்குன்னு திருடனுக்கும்தான் தெரியும்."

"இந்தக் காலத்துப் பெட்டிக்குத் திருடன் வரமாட்டான் ஐயா. நான் ஒருத்தன்தான் வருவேன்."

சங்கிலி கழன்றது.

பழைய வீடு. பின்கட்டு அறைக்குப் பகலிலும் விளக்குப் போடவேண்டும். மனைவி படுத்துக் கிடந்த கட்டில் மெத்தை இல்லாமல் வெறும் சட்டமாக நின்றது. அவள் போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. மருந்து நெடி மட்டும் போகவில்லை. கட்டிலை ஒட்டினாற்போல் மேசை, மேசைமேல் கம்ப்யூட்டர். மூன்று வாரமாக அது சிவப்புக் கோட்டைக் காட்டி, இடமில்லை இடமில்லை என்று அழுதுகொண்டிருந்தது. நேற்று மனைவியின் குரல் பாதியில் நின்றுவிட்டது. இல்லாவிட்டால் அந்நியன் ஒருவன் இந்த அறை வாசலை மிதித்திருக்க முடியாது.

அந்தக் குரல்தான் அவருக்கு மிச்சம். நாற்பத்தொரு பதிவுகள். அவள் காரியம் முடிந்து ஆள்கள் கலைந்த பிறகு கம்ப்யூட்டரில் கண்டுபிடித்தார். தான் தூங்கும்போது தனக்காகப் பேசி வைத்திருக்கிறாள் என்று நினைத்து அன்றைக்கு அழுதார். "கதவைத் தாப்பா போட்டீங்களா?" என்பாள் ஒன்றில். "வெந்நி ஆறுது, வாங்க" என்பாள் இன்னொன்றில். தினமும் சாயங்காலம் நாலு மணிக்கு ஒன்று கேட்பார்.

அவற்றை அவர் வைத்திருந்த இடம், கம்ப்யூட்டரின் குப்பைத் தொட்டி. பட்டறையிலும் அப்படித்தான். நல்ல உளிகளை இரும்புச் சீவல் டப்பாவுக்கு அடியில் ஒளித்து வைப்பார். குப்பையில் எவன் கைவிடுவான்? முப்பத்தெட்டு வருஷத்தில் ஒன்றுகூடக் களவு போனதில்லை. நாலு மணிக்கு ஒரு பதிவை வெளியே எடுப்பார், கேட்பார், திரும்பத் தொட்டிக்குள் போட்டுவிடுவார்.

ரிப்பேர்க்காரர் பையிலிருந்து தனி டிஸ்க் ஒன்றை எடுத்துச் செருகினார்.

"முதல்ல நகல் எடுக்கணும் ஐயா. அப்புறம் அந்த நகல் ஒழுங்கா ஓடுதான்னு திறந்து பாக்கணும். அதுக்கப்புறம்தான் மூலத்தை அழிக்கணும். இந்த வரிசை மாறிச்சுன்னா அம்போதான்."

லேத்துக்காரருக்கு இந்தப் பேச்சு பிடித்திருந்தது. கடைந்தெடுத்த இரும்பு திரும்ப ஒட்டாது. ஆனாலும் முகத்தில் காட்டவில்லை.

"முக்கியமானதை எங்கயாவது தனியா வச்சிருக்கீங்களா? சொல்லிட்டீங்கன்னா தொடமாட்டேன்."

இப்படிக் கேட்டவன் எவனும் அவர் ஆயுசில் யோக்கியனாக இருந்ததில்லை.

"ஒண்ணும் கிடையாது. போட்டோவை மட்டும் பத்திரமா எடு. மீதியெல்லாம் கழிசடை."

போட்டோக்கள் நகலாயின. ரிப்பேர்க்காரர் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்து, மூலத்தை அழித்தார். வேண்டாத தற்காலிகக் கோப்புகளைத் துடைத்தார். சிவப்புக் கோடு அசையவில்லை.

"இது என்ன கூத்து? கண்ணுக்குத் தெரியறதையெல்லாம் கூட்டினா டிஸ்க்குல கால்வாசிதான் வருது. மீதி முக்காலை எவன் தின்னான்?"

மறைந்திருப்பதையெல்லாம் காட்டும்படி எதையோ அழுத்தினார். பெயரில்லாத பெட்டகம் ஒன்று திரையில் வெளியே வந்தது. உள்ளே நாற்பது ஒலிப்பதிவுகள். நாளுக்கு ஒன்று. கடைசியது நேற்று.

"மைக் எங்க ஐயா?"

"அது அவ போனப்பவே அறுந்துபோச்சு. தூக்கிப் போட்டாச்சு."

ரிப்பேர்க்காரர் ஒன்றை ஓடவிட்டார்.

மின்விசிறி சுற்றும் சத்தம். கட்டில் சட்டம் முனகும் சத்தம். பிறகு இருமல்.

லேத்துக்காரரின் வறட்டு இருமல்.

அடுத்ததில் அவர் தனக்குத்தானே பேசுகிறார். அதற்கடுத்ததில் தூக்கத்தில் பல்லைக் கடிக்கிறார். எல்லாவற்றுக்கும் பின்னால், மிகக் கிட்டத்தில், இன்னொரு மூச்சு. மனிதர் விடும் மூச்சு மாதிரி இல்லை. வாயைத் திறந்து வைத்துக்கொண்டு உள்ளே மட்டும் இழுக்கிற மூச்சு. வெளியே விடுகிற சத்தமே இல்லை.

"வீட்ல வேற யாராச்சும்..."

"யாருமில்ல."

லேத்துக்காரர் எழுந்து அடுக்களைக்குப் போய் ஒரு சொம்புத் தண்ணீரை அப்படியே குடித்தார். திரும்பி வந்தபோது சிவப்புக் கோடு போய்விட்டிருந்தது. ரிப்பேர்க்காரரின் கழுத்தெல்லாம் வியர்வை.

"போட்டுத் தள்ளிட்டேன் ஐயா. அந்தக் கருமாந்தரம் இனிமே இல்ல. குப்பைத் தொட்டியையும் சேத்துக் காலி பண்ணிட்டேன்."

சொம்பு கீழே விழுந்து உருண்டது.

"உள்ள பாத்தியா? என்ன இருக்குன்னு பாத்தியாடா?"

ரிப்பேர்க்காரர் பார்க்கவில்லை. பயத்தில் தன் வரிசையையே மறந்திருந்தார்.

"அதுலதான்டா அவ இருந்தா!"

"ஐயா, நான் கேட்டேனே... ஒண்ணும் இல்லன்னு சொன்னீங்களே..."

லேத்துக்காரர் சுவரைப் பிடித்துக்கொண்டு கட்டில் சட்டத்தின்மேல் உட்கார்ந்தார்.

"பதறாதீங்க. அழிச்ச உடனே ஒண்ணும் போயிடாது. மேல வேற எதையும் எழுதவிடாம இருந்தா மீட்டுடலாம்." ரிப்பேர்க்காரர் இன்னொரு டிஸ்க்கைச் செருகி, மீட்கும் ஆணையைக் கொடுத்தார். நாற்பத்தொரு பெயர்களும் பட்டியலாக வந்தன. லேத்துக்காரர் எழுந்து கிட்டே வந்தார்.

ஒவ்வொரு பெயருக்கு எதிரிலும் ஒரே வரி. மேலே வேறு எழுதப்பட்டுவிட்டது.

"யாரு எழுதினா? நாம எதையும் தொடலையே!"

பெயரில்லாத பெட்டகம் திரையில் திரும்ப வந்திருந்தது. நாற்பது பதிவுகளும் உள்ளே இருந்தன. அவள் இருந்த இடத்தில் அவர் இருந்தார்.

ரிப்பேர்க்காரர் பட்டியலில் இருந்த தேதிகளில் விரலை ஓட்டினார். பிறகு மெல்லக் கேட்டார்.

"அம்மா தவறினது என்னிக்கு?"

லேத்துக்காரர் தேதியைச் சொன்னார்.

"அம்மாவோட பட்டியல்ல கடைசிப் பதிவு அன்னிக்கு விடியக்காலைல எடுத்தது ஐயா. அதுக்கு முன்ன நாப்பது நாளும், நாளுக்கு ஒண்ணு."

லேத்துக்காரர் பதிவுகளின் தேதியை ஒருநாளும் பார்த்ததில்லை. குரல் போதும் என்று இருந்துவிட்டார். இப்போது நினைத்துப் பார்த்தார். கடைசி இரண்டு மாதம் அவள் தொண்டையில் குழாய் இருந்தது. தண்ணீர் வேண்டுமென்றால்கூடச் சிலேட்டில்தான் எழுதிக் காட்டுவாள். ஒரு சொல் பேசவில்லை.

பேசியவள் அவள் இல்லை.

"நாப்பத்தொண்ணு," என்றார் ரிப்பேர்க்காரர். "உங்களுது நாப்பது ஆயிடுச்சு ஐயா. கிளம்புங்க. பொண்ணு வீட்டுக்குப் போயிடுங்க."

"எங்க போனாலும் மூச்சு விட்டுத்தானே ஆகணும்," என்றார் லேத்துக்காரர். "நீ போப்பா. உனக்குப் புள்ளகுட்டி இருக்கும்."

ரிப்பேர்க்காரர் பையைக்கூட எடுக்காமல் போனார். வாசல் கதவு அடித்துக்கொண்டது.

லேத்துக்காரர் குனிந்து பிளக்கைப் பிடுங்கினார். திரை இருண்டது. விசிறியை நிறுத்தினார். பிடுங்கிய வயரைக் கையில் சுற்றிக்கொண்டு கட்டில் சட்டத்தில் உட்கார்ந்து, நாலு மணி ஆகும்வரை வாயை இறுக மூடி, ஒரு சத்தமும் எழுப்பாமல் பார்த்துக்கொண்டார்.

நாலு அடித்தது.

இருண்ட பெட்டியிலிருந்து அவள் குரல் வந்தது. அவர் கேட்டிராத பேச்சு. கனிவாக, காதோடு சொல்கிற மாதிரி.

"நகல் எடுத்தாச்சுங்க. ஒழுங்கா ஓடுதான்னு ஒரு தடவ பாத்துடலாமா?"

பெட்டிக்குள் யாரோ இருமினார்கள். வறட்டு இருமல், மூன்று முறை, கடைசியில் ஒரு செருமல்.

அதற்குப் பிறகுதான் அவருக்குத் தொண்டை கமறியது.