வைக்கோலுக்குள் சேமியா ஐஸ்

ரஞ்சித்தின் வலது காலில் மாவுக்கட்டு. பலாப்பழம் பறிக்க மரம் ஏறியவன், பழத்துக்கு முன்னால் தான் கீழே வந்து சேர்ந்துவிட்டான். மரத்தில் இருந்த பழத்துக்கு ஒரு கீறல்கூட இல்லை.

"மாவுக்கட்டுன்னா இன்னா மாவு டாக்டர்? கேழ்வரகா, சாமையா?" என்று ஆஸ்பத்திரியில் கேட்டானாம். டாக்டர் சிரித்து முடித்த பிறகுதான் கட்டுப் போட முடிந்ததாம்.

ஆறு வயதில் கால் உடைவதே கொடுமை. திருவிழா சமயத்தில் உடைவது அதைவிடக் கொடுமை. திருவிழா புதூர்நாட்டில் நடந்தது. இவர்கள் ஊரோ அதற்கும் மேலே, ஜீப் மட்டுமே ஏறும் மண் சாலையின் கடைசியில் இருந்தது. எலும்பு கூடும்வரை ஜீப்பில் குலுங்கவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

அப்பா சின்னராசு பலாப்பழம் விற்க அங்கே கிளம்பினார். அக்கா பூவிழியும் அவரோடு கிளம்பினாள். அம்மா தேவயானி ரஞ்சித்துக்குத் துணையாக வீட்டிலேயே இருந்துவிட்டாள்.

"எனக்கு சேமியா ஐஸ் வோணும்" என்றான் ரஞ்சித், கட்டிலில் படுத்தபடி.

"வாங்கியாறேன்டா" என்றார் அப்பா.

ரஞ்சித் அப்பாவை நம்பவில்லை. அதற்குக் காரணம் இருந்தது. போன மாதம் திருப்பத்தூரிலிருந்து அப்பா ஐஸ் வாங்கி வந்தார். வீட்டுக்கு வந்து கவரைத் திறந்தால் குச்சி ஒரு பக்கம், ரோஸ் கலர் தண்ணீர் ஒரு பக்கம். "குடிச்சுப் பாரு, அதே ருசிதான்" என்று டம்ளரில் ஊற்றிக் கொடுத்தார். ரஞ்சித் குடித்துவிட்டு, "ருசி இருக்குது. ஐஸ் இல்ல" என்று டம்ளரைத் திருப்பிக் கொடுத்தான்.

இப்போது அவன் அக்காவின் பாவாடையைப் பிடித்து இழுத்தான்.

"அக்கா, நீ கொண்டாறியா? தண்ணியா வோணாம். ஐஸா வோணும். கடிச்சா பல்லு கூசணும்."

"கொண்டாறேன்டா கண்ணு" என்றாள் பூவிழி.

சொல்லி முடித்த பிறகுதான் அவளுக்கு மலை வழி நினைவுக்கு வந்தது. தம்பி கேட்டால் அவளுக்கு நாக்கு முன்னால் ஓடும், மூளை பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு வரும். ஜீப் மேலே ஏறவே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதுவும் வைகாசி வெயிலில்.

ரஞ்சித் நிம்மதியாகத் திரும்பிப் படுத்து, கட்டிலுக்குப் பக்கத்தில் கிடந்த வைக்கோலுக்குள் கையை விட்டான். பலாக்காய்களை வைக்கோலில் புதைத்துப் பழுக்கப் போடுவது அந்த மலையில் எல்லா வீட்டிலும் நடப்பதுதான். காய் பழுக்கப் பழுக்க வைக்கோலுக்குள் கதகதப்பாக இருக்கும். கால் உடைந்த நாளிலிருந்து அவனுக்கு விடியற்காலைக் குளிரில் அதுதான் போர்வை.

"அக்கா, வைக்கோல் கெட்டுப்போச்சு. சூடே இல்ல."

"பழத்தையெல்லாம் நேத்தே சாக்குல போட்டாச்சுடா. இது வெறும் வைக்கோலு" என்று சொல்லிவிட்டுப் பூவிழி ஜீப்புக்கு ஓடினாள்.

திருவிழாவில் ராட்டினம் சுற்றியது. வளையல் கடையும் மிட்டாய்க் கடையும் வரிசையாக இருந்தன. பூவிழியின் கண் ஐஸ் வண்டியிலேயே இருந்தது. ஐஸ்காரர் பெயர் சரவணகுமார். மோட்டார் சைக்கிளின் பின்னால் ஒரு மரப்பெட்டியைக் கட்டியிருந்தார். யாராவது காசு நீட்டினால் மூடியைக் கொஞ்சமாகத் தூக்கி, ஒரு ஐஸை உருவி, பட்டென்று மூடிவிடுவார். ஒரு பையன் மூடியைப் பிடித்துக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்தான்.

"டேய், கைய எடு. நீ தெறந்து தெறந்து பாத்தா அல்லாம் போயிடும்" என்று அதட்டினார்.

பூவிழி அருகில் போனாள்.

"அண்ணா, இந்தப் பெட்டிக்குள்ள மெஷின் இருக்குதுங்களா?"

"மெஷினா? ஒன்னும் இல்லம்மா. மரப்பலகை, உள்ள தெர்மாகோல் அட்டை. அவ்ளோதான்."

"அந்த அட்டை ஐஸ் மாதிரி ஜில்லுன்னு இருக்குமா?"

"தொட்டுப் பாரு" என்று உடைந்த அட்டைத் துண்டு ஒன்றைக் கொடுத்தார். அது சில்லென்றும் இல்லை, சூடாகவும் இல்லை. சும்மா இருந்தது.

பூவிழி புளியமரத்தடிக்குத் திரும்பி வந்தாள். அங்கேதான் அப்பா பழம் விற்றுக்கொண்டிருந்தார். பழங்கள் பாதிக்கு மேல் போயிருந்தன. பழம் நசுங்காமல் இருக்க இடையில் வைத்திருந்த வைக்கோல் சாக்கில் அப்படியே கிடந்தது. அவள் அதற்குள் கையை விட்டாள். சில்லென்றும் இல்லை, சூடாகவும் இல்லை. அதுவும் சும்மாதான் இருந்தது.

தம்பி காலையில் சொன்னது அவள் காதில் மறுபடி கேட்டது. 'வைக்கோல் கெட்டுப்போச்சு. சூடே இல்ல.'

அப்படியானால் அந்தச் சூடு வைக்கோலுடையது இல்லை. பழம்தான் பழுக்கும்போது சூடாகியிருக்கிறது. வைக்கோல் அந்தச் சூட்டை வெளியே போகவிடாமல் பிடித்துவைத்திருக்கிறது. கதவைச் சாத்தினால் உள்ளே இருக்கும் கோழி வெளியே போக முடியாது. வெளியே இருக்கும் கோழியும் உள்ளே வர முடியாது. சூட்டுக்கும் அப்படித்தானே?

"அப்பா, ஐஸை வைக்கோலுக்குள்ள வெச்சு எடுத்துக்கினு போலாம்பா."

அப்பா அவளை ஏற இறங்கப் பார்த்தார். "வெயில் தலைக்கு ஏறிடுச்சா பாப்பா? காய் பழுக்கற சூட்டுல போயி ஐஸ் வெப்பாங்களா?"

"வெச்சுத்தான் பாப்பமே" என்று அவள் மறுபடி ஐஸ் வண்டிக்கு ஓடினாள்.

பெட்டிக்கு அடியில் உடைந்து கிடந்த ஐஸ் துண்டுகளில் இரண்டைச் சரவணகுமார் சும்மாவே கொடுத்தார். "வைக்கோலுக்கு ஐஸ் குடுக்கறது இதான் மொத தடவ" என்று சிரித்தார்.

இரண்டு துண்டும் ஒரே அளவு. ஒன்றை இலையில் சுற்றி நிழலில் வைத்தாள். இன்னொன்றையும் இலையில் சுற்றி, வைக்கோலுக்கு நடுவே புதைத்துச் சாக்கின் வாயைக் கட்டினாள். பிறகு பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாள். ராட்டினம் அவள் இல்லாமலேயே சுற்றியது. தோழிகள் வந்து கூப்பிட்டும் அவள் எழுந்திருக்கவில்லை.

அப்பா மீதிப் பழங்களை விற்று முடித்தபோது நிழலில் இருந்த இலையைப் பிரித்தாள். ஈரம் மட்டும்தான் இருந்தது. ஒரு எறும்பு அதைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போனது. பிறகு சாக்கைப் பிரித்து உள்ளே கையை விட்டாள். விரலில் சுரீரென்று பட்டது. துண்டு கொஞ்சம் இளைத்திருந்தது, ஆனாலும் ஐஸாகவே இருந்தது.

அப்பா தொட்டுப் பார்த்தார். தலையைச் சொறிந்துகொண்டார். பிறகு ஐஸ் வண்டிக்குப் போய், கை நிறைய சேமியா ஐஸ் வாங்கி வந்தார்.

"ஒன்னா வெச்சா ஒன்ன ஒன்னு பாத்துக்கும்" என்றார். யோசனையில் அவர் மட்டும் மகளுக்கு இளைத்தவரா என்ன?

எல்லாவற்றையும் ஒரே கவரில் போட்டு, சாக்கின் நடுவே வைத்து, சுற்றிலும் வைக்கோலை அடைத்தார்கள்.

ஜீப்பில் கால் வைக்க இடமில்லை. பக்கத்து வீட்டுப் பாஞ்சாலை அத்தை நெருக்கி உட்கார்ந்து இடம் கொடுத்தாள்.

"இன்னா பூவிழி சாக்குல? விக்காத பழமா?"

"ஐஸுங்க அத்தை. தம்பிக்கு."

ஜீப் மொத்தமும் சாக்கைத் திரும்பிப் பார்த்தது. பிறகு சிரித்தது.

"வைக்கோல்ல வெச்சா காயே பழுத்துடுது. ஐஸ் இன்னாத்துக்கு ஆவும்? பாயசம்தான். சேமியா வேற இருக்குது" என்றாள் பாஞ்சாலை அத்தை.

"பாயசம் ஆனா எனக்கு ஒரு டம்ளர்" என்றார் ஜீப் ஓட்டும் மோகன் அண்ணன்.

பூவிழி சாக்கைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள்.

பாதி மலை ஏறியதும் ஜீப் ஒரு பக்கம் சாய்ந்து நின்றது. டயர் பஞ்சர். எல்லோரும் இறங்கினார்கள். மோகன் அண்ணன் ஜாக்கியை அடியில் வைத்துச் சுற்றினார். ஒற்றை ஆளாக அவர் சுற்றச் சுற்ற, அவ்வளவு பெரிய ஜீப் மெதுவாக மேலே எழுந்தது. மற்ற நாளாக இருந்தால் பூவிழி பக்கத்தில் குத்தவைத்து வேடிக்கை பார்த்திருப்பாள். இன்றைக்கு ஒரு பாறையின் நிழலைத் தேடிச் சாக்கை அங்கே வைத்தாள். அப்பா தன் துண்டை எடுத்து அதன்மேல் போர்த்தினார்.

போல்ட் ஒன்று கழல மாட்டேன் என்று அடம்பிடித்தது. நேரம் போய்க்கொண்டே இருந்தது. பாஞ்சாலை அத்தை சாக்கின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவள் கை மெல்லச் சாக்கின் கயிற்றுக்குப் போனது.

"ஒரே ஒரு தடவ பாத்துடலாமா?"

"வேணாங்க அத்தை. தெறந்தா வெளிய இருக்கற சூடு உள்ள போயிடும்."

"வைக்கோல் உள்ளயே சூடுதான இருக்குது?"

"அது பழத்தோட சூடுங்க. பழம் இல்லாத வைக்கோல்ல எங்க தம்பி கைய வெச்சுப் பாத்தான். சூடே இல்லைன்னான்."

பாஞ்சாலை அத்தை கையை எடுத்துக்கொண்டாள். "ஆமா, வெறும் வைக்கோல்ல நானும் படுத்திருக்கிறேன்" என்றாள் தனக்குத்தானே.

அப்போது சாக்கின் அடியில் ஒரு சொட்டுத் தண்ணீர் கசிந்தது. பூவிழி அதைப் பார்த்தாள். இன்னொரு சொட்டும் கசிந்தது.

அவளுக்கு அழுகை வந்தது. உடனே திறந்து பார்க்க வேண்டும் போல இருந்தது. உள்ளே எவ்வளவு இருக்கிறது, குச்சியாவது இருக்கிறதா, எதுவும் தெரியவில்லை. விரல்கள் கயிற்றைத் தொட்டுவிட்டன. ஐஸ்காரர் பட்டென்று மூடியைச் சாத்துவது நினைவுக்கு வந்தது. கையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

பாஞ்சாலை அத்தையும் அந்தச் சொட்டைப் பார்த்தாள். இந்த முறை அவள் சிரிக்கவில்லை. நிழல் விலகியிருந்த பக்கத்தில் தன் முந்தானையை விரித்து, சாக்கில் வெயில் படாமல் பிடித்துக்கொண்டு, "மோகன், இன்னாப்பா பண்ற அங்க? பையன் காத்துக்கினு இருப்பான்" என்று குரல் கொடுத்தாள்.

ஒருவழியாக டயர் மாட்டி ஜீப் கிளம்பியது. இப்போது ஜீப்பில் இருந்த எல்லோரும் சாக்கைத்தான் பார்த்துக்கொண்டு வந்தார்கள். பள்ளம் வரும்போதெல்லாம், "பாத்து, பாத்து" என்று மோகன் அண்ணனுக்குச் சொன்னார்கள். முட்டைக் கூடையைக்கூட யாரும் அப்படிக் கொண்டு வந்ததில்லை.

ஊரில் இறங்கியும் யாரும் அவரவர் வீட்டுக்குப் போகவில்லை. பூவிழிக்குப் பின்னாலேயே வந்தார்கள்.

ரஞ்சித் கட்டிலில் எழுந்து உட்கார்ந்தான். இத்தனை பேர் ஏன் வருகிறார்கள் என்று அவனுக்குப் புரியவில்லை. அக்காவின் முகத்தைப் பார்த்தான். ஈரமாக இருந்த சாக்கைப் பார்த்தான். பிறகு அம்மாவிடம் திரும்பி மெதுவாகச் சொன்னான்:

"அம்மா, ஒரு டம்ளர் குடு."

அதைக் கேட்டதும் பூவிழி சாக்கைக் கீழே வைத்துவிட்டு அவனைப் பார்த்தாள். பயல் கோபித்துக்கொண்டிருந்தால்கூடப் பரவாயில்லை. அக்காவுக்குச் சங்கடம் வரக் கூடாது என்று இப்போதே தண்ணீர் குடிக்கத் தயாராகிவிட்டான். அம்மா டம்ளரைக் கொண்டுவந்து கட்டிலின் மேல் வைத்தாள்.

பூவிழி கயிற்றை அவிழ்த்தாள். மேலே இருந்த வைக்கோல் காய்ந்திருந்தது. உள்ளே போகப் போக ஈரம். அதற்கும் உள்ளே கவர். அவள் கை சட்டென்று நின்றது.

விரல் விறைத்தது.

கவரின் நடுவிலிருந்து ஒன்றை உருவி எடுத்தாள். முனைகள் எல்லாம் கரைந்து வழவழப்பாகியிருந்தது. சேமியா நாலு பக்கமும் மீசை மாதிரி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. ஆனாலும் குச்சியின் மேல் ஐஸ் கெட்டியாக நின்றது.

"இந்தாடா."

ரஞ்சித் வாங்கினான். முதலில் முகர்ந்து பார்த்தான். பிறகு 'நறுக்' என்று ஒரு கடி கடித்தான். கண் இரண்டையும் இறுக மூடிக்கொண்டான். தோள் இரண்டும் காதுவரை ஏறிவிட்டன.

எல்லோரும் அவன் வாயையே பார்த்தார்கள்.

"இன்னாடா ஆச்சு?" என்றாள் பூவிழி.

"பல்லு கூசுதுக்கா" என்றான் ரஞ்சித், சந்தோஷம் தாங்காமல்.

பாஞ்சாலை அத்தை பூவிழியின் கன்னத்தை வழித்துத் தன் நெற்றியில் நெட்டி முறித்தாள். அப்பா மற்ற ஐஸ்களை எடுத்து எல்லோருக்கும் நீட்டினார். மோகன் அண்ணன் மட்டும் கட்டில் பக்கமாக எட்டி, டம்ளருக்குள் பார்த்தார்.

அது காலியாகவே இருந்தது.