நான்காவது ஓட்டு

"யாராவது வாங்க...! ஐயோ, யாராவது ஓடி வாங்களேன்...!"

கேட்லின் ஃபோர்க் உயர்நிலைப் பள்ளியின் அடித்தளத்திலிருந்து கிளம்பிய அலறல், மாணவர்களின் காலைச் சாப்பாட்டுக்குத் தட்டு அடுக்கிக்கொண்டிருந்த பெண்களின் கைகளை அப்படியே நிறுத்தியது.

திங்கட்கிழமை. மணி ஏழு பத்து. வெளியே முழங்கால் ஆழத்துக்கு ஜனவரிப் பனி.

அலறியவன் எம்மெட். இருபது வருடங்களாக அந்தப் பள்ளிக்கூடத்தைக் கூட்டி, துடைத்து, பழுது பார்த்து வருகிறவன்.

கட்டடத்தைச் சூடாக்கும் பாய்லர் உள்ள அறைக்கு இறங்கும் சிமென்ட் படிகளின் அடியில் கிடந்தாள் நோரீன் பிளேக்.

மல்லாந்து. கண்கள் திறந்தபடி. கழுத்து மட்டும் எந்தக் கழுத்தும் திரும்பாத கோணத்தில்...!

*

"வழுக்கி விழுந்துட்டாங்க போல, மேடம்" என்றான் டோபின். ஷெரிஃப் அலுவலகத்தில் சேர்ந்து எட்டு மாதங்கள் ஆன இளம் போலீஸ்காரன்.

டெல்ஃபின் ராஸ்கோ குனிந்து பிணத்தின் பாதங்களைப் பார்த்தாள். நாற்பத்து நான்கு வயது. பதினாறு வருடத் துப்பறியும் வேலை. காபி குடிக்காமல் எழுப்பினால் பாம்பு மாதிரி சீறுவாள்.

இன்று குடித்திருக்கவில்லை.

"டோபின், நீ படியில இறங்கறப்போ வழுக்கினா எப்படி விழுவே?"

"உட்கார்ந்த மாதிரி... இல்லேன்னா குப்புற."

"இவங்க மல்லாந்து, தலை கீழ, பாதம் படிப்பக்கம். அப்போ?"

"ஏறிட்டு இருந்திருக்காங்க... பின்னாடி சாஞ்சிருக்காங்க!"

"தானா சாயல. மேல் படியில பாரு."

மேல் படியில் சின்னதாகத் தண்ணீர் தேங்கியிருந்தது. பூட்ஸில் ஒட்டிய பனி உருகிய தண்ணீர். யாரோ அங்கே நின்றிருக்கிறார்கள். சில நிமிடங்கள். அசையாமல்!

மருத்துவர் நோரீனின் மேல்கோட்டு பொத்தான்களைக் கழற்றினார். இரண்டு காறை எலும்புகளுக்கும் கீழே, நெஞ்சில், இரண்டு சிவப்புத் தடங்கள்.

உள்ளங்கைகள்.

"கொலை" என்றாள் டெல்ஃபின். "ஏய் எம்மெட்! அழுதது போதும். இந்தம்மாவுக்கு விடியறதுக்கு முன்னாடி பாய்லர் ரூம்ல என்ன வேலை?"

எம்மெட் மூக்கை உறிஞ்சினான்.

"பாய்லரைப் பாக்கணும்னாங்க. வெள்ளிக்கிழமையே எல்லார் முன்னாடியும் சொன்னாங்க, திங்கக்கிழமை காலைல நானே வந்து பாக்கறேன்னு. அஞ்சரைக்கு வந்தாங்க. கதவைத் திறந்துவிட்டேன். ஆறு மணிக்கு நான் வாசல் படியில பனி உருக உப்பு போடப் போயிட்டேன். அப்புறம் பார்க்கிங் முழுக்கப் பனி தள்ளிட்டு இருந்தேன். திரும்பி வந்து பார்த்தா..."

மறுபடி அழுதான்.

டெல்ஃபினுக்கும் ஊருக்கே தெரிந்த விஷயம் தெரியும். கார் உதிரிபாகத் தொழிற்சாலை மூடியபின் பள்ளியில் ஆயிரத்து நானூறு பிள்ளைகள் அறுநூறாகக் குறைந்துவிட்டார்கள். தலைக்கு இவ்வளவு என்று மாநிலம் தரும் பணமும் கூடவே குறைந்தது. சொத்து வரியைக் கொஞ்சம் உயர்த்தலாமா என்று ஊரிடம் மூன்று முறை கேட்டார்கள். மூன்று முறையும் ஊர் காறித் துப்பியது. மாநிலத் தேர்வுப் பட்டியலில் கேட்லின் ஃபோர்க்கைத் தேடுகிறவர்கள் கடைசிப் பக்கத்திலிருந்து தேடுவார்கள்.

இன்று மாலை நாலு மணிக்கு ஓட்டெடுப்பு. பள்ளியை மூடிவிட்டு, பக்கத்து ஊரான வெஸ்ட்ஹேவனோடு இணைந்துவிடலாமா, கூடாதா?

பள்ளியை நிர்வகிக்கிற போர்டில் ஏழு பேர். மூடச் சொல்கிறவர்கள் மூன்று. கூடாது என்கிறவர்கள் மூன்று.

நோரீன் பிளேக் ஏழாவது ஆள். மூன்று மாதங்களுக்கு முன் மைக்கைப் பிடித்து, "பாய்லர் செத்துப்போச்சு, ஸ்கூலும் செத்துப்போச்சு. மூடிடலாம்" என்று சொன்னவள்.

நான்காவது ஓட்டு!

*

"மீட்டிங்கைத் தள்ளிப்போட முடியாது!"

கத்தியவர் லொய்ட் கிரான்ஸ்டன். அந்த வட்டாரப் பள்ளி நிர்வாகத்தின் கண்காணிப்பாளர். ஓட்டு கிடையாது, மற்றபடி எல்லாம் அவர்தான்.

"கீழ ஒரு பொணம் கிடக்குது, சார்."

"வருத்தம்தான். ஆனா ஓட்டெடுப்புக்கு நோட்டீஸ் கொடுத்தாச்சு. சட்டம் உனக்குத் தெரியாது."

"எனக்குக் கொலைச் சட்டம் மட்டும்தான் தெரியும். காலைல ஆறுல இருந்து ஏழு வரைக்கும் எங்க இருந்தீங்க?"

கிரான்ஸ்டனின் முகம் தக்காளியாயிற்று.

"என்னையா சந்தேகப்படறே? நாப்பது மைல் தள்ளி ரேடியோ ஸ்டேஷன்ல நேரலைல பேசிட்டு இருந்தேன்! ஊர் முழுக்கக் கேட்டுச்சு!"

"வெஸ்ட்ஹேவனோட சேர்ந்தா அங்க உங்களுக்குப் பெரிய பதவி காத்திருக்காமே?"

"ஆமா! இருந்துட்டுப் போகட்டும்! அதுக்குத்தான் நோரீன் உயிரோட வேணும், புரியுதா? அவ என்னோட நாலாவது ஓட்டு! இப்ப மூணுக்கு மூணு. சமமா வந்தா தீர்மானம் தோத்துப்போச்சுன்னு அர்த்தம். செத்தது அவ மட்டும் இல்லம்மா... நானும்தான்!"

அவர் கதவை அறைந்துவிட்டுப் போனார்.

"நல்லவேளை, இவரு பாடம் நடத்தப் போகலை" என்றான் டோபின்.

டெல்ஃபின் ஜன்னல் வழியே வெளியே பார்த்தாள். செய்தி அதற்குள் பரவிவிட்டது. வாசலில் கூட்டம். கூட்டத்துக்கு நடுவே ஒரு மேஜை போட்டு எல்லோருக்கும் காபி ஊற்றிக்கொண்டிருந்தாள் வெள்ளை முடி ஆர்டித் கோல்பி.

போர்டு உறுப்பினர். 'மூடக் கூடாது' என்கிற மூவரில் ஒருத்தி. முப்பத்து நான்கு வருடங்கள் அதே பள்ளியில் ஆங்கிலம் நடத்தி ஓய்வு பெற்றவள். டெல்ஃபினுக்கும் நடத்தியிருக்கிறாள்.

டெல்ஃபின் கீழே போனாள்.

"டீச்சர்... நோரீன் உங்களுக்கு நெருக்கமாச்சே?"

"இருபத்தாறு வருஷம்" என்றாள் ஆர்டித், காபிக் குவளையை நீட்டியபடி. "அப்புறம் அந்த மைக்கைப் பிடிச்சா. மூணு மாசமா நான் அவகூடப் பேசறதில்ல. அவ போன் பண்ணினா எடுக்கறதும் இல்ல."

"செத்துட்டாங்களே... வருத்தமா இல்லையா?"

"இந்த ஸ்கூலைக் கொல்ல வந்தவ அவ. வருத்தம் அப்புறம் வரும். நீ அப்பவே கடைசி பெஞ்சு, டெல்ஃபின். கேள்வி கேக்கறதுல மட்டும் முதல் பெஞ்சு. காபியைக் குடி."

டெல்ஃபின் குடித்தாள். நல்ல காபி.

*

பத்தரை மணிக்கு போர்டின் செயலாளர் ஜூன் பெட்டிஸ் தயங்கித் தயங்கி அறைக்குள் வந்தாள். கையில் ஈரக் கைக்குட்டை.

"சொல்லலாமா வேணாமான்னு தெரியல..."

"சொல்லத்தான் வந்திருக்கீங்க. சொல்லுங்க."

"காலைல எனக்கு ஒரு போன் வந்துச்சு. 'ஜூன், மூணுக்கு மூணுன்னு வந்தா தீர்மானம் என்ன ஆகும்?'னு கேட்டாங்க. தோத்துடும்னு சொன்னேன். நன்றின்னு வச்சுட்டாங்க."

"இதுல என்ன இருக்கு? இன்னைக்கு ஊரே அதைத்தான் கேக்குது."

"போன் வந்தது ஆறு முப்பத்தஞ்சுக்கு, மேடம்."

டோபின் எழுதுவதை நிறுத்தினான்.

பிணத்தை எம்மெட் பார்த்தது ஏழு பத்துக்கு! ஆறு முப்பத்தைந்துக்கு போர்டில் ஏழு பேரும் உயிரோடு இருந்ததாகத்தான் ஊருக்குத் தெரியும். ஏழு பேர் ஓட்டுப் போட்டால் மூன்றுக்கு மூன்று எப்படி வரும்?

"யாரு பேசினது?" டெல்ஃபினின் குரல் இறங்கியது.

ஜூன் சொன்னாள்.

டெல்ஃபின் அந்த நல்ல காபியின் காலிக் குவளையைத் தள்ளி வைத்தாள்.

"டோபின், நோரீனோட செல்போனை எடு. கடைசியா யாருக்கு போன் பண்ணியிருக்காங்க பாரு."

டோபின் பார்த்தான்.

"ஆறு எட்டுக்கு ஒரு வீட்டு நம்பர், மேடம். ஐம்பத்தோரு விநாடி." நம்பரைப் படித்தான். ஜூன் அது யாருடைய நம்பர் என்று சொன்னாள்.

"எடுக்காத போன்ல எப்படி ஐம்பத்தோரு விநாடி பேசுவாங்க?" டெல்ஃபின் எழுந்தாள். "கிளம்பு. நீதிபதிகிட்ட ஒரு கையெழுத்து வாங்கணும்."

*

நாலு மணி. பள்ளியின் கூடைப்பந்து அரங்கம் பிதுங்கியது.

"எட்டாம் கிளாஸ்ல நூறு பேர்ல பத்தொம்போது பேருக்குத்தான் கணக்கு வருது! இதுக்கு ஒரு ஸ்கூல், இதுக்கு ஒரு போர்டு!"

"வரியை ஏத்தக் கூடாதுன்னு மூணு தடவை ஓட்டுப் போட்டது யாருடா? உங்கப்பனா? நீதானே!"

"வாயை மூடு! வெஸ்ட்ஹேவனுக்கு ஒன்றரை மணி நேரம் பஸ்ஸுல போகச் சொல்றியா எம் பொண்ணை?"

"போனாலாவது படிப்பா!"

ஒரு நாற்காலி பறந்தது. இரண்டு போலீஸ்காரர்கள் குறுக்கே புகுந்தார்கள்.

ஜூன் பெயர்களைப் படிக்க ஆரம்பித்தாள். பழக்க தோஷத்தில் "நோரீன் பி..." என்று தொடங்கி, நிறுத்தினாள்.

பறந்த நாற்காலியை யாரோ நிமிர்த்தி வைத்தார்கள்.

பிறகு ஓட்டுகள் விழுந்தன. மூடலாம். கூடாது. கூடாது. மூடலாம். மூடலாம்.

கடைசியாக ஆர்டித் கோல்பி.

"கூடாது" என்றாள், ஒவ்வொரு எழுத்தையும் அழுத்தி.

மூன்றுக்கு மூன்று. தீர்மானம் தோற்றது!

கூட்டத்தில் பாதி கூரை அதிரக் கத்தியது. மீதிப் பாதி காறித் துப்பியது. கிரான்ஸ்டன் தலையைக் கையில் தாங்கி உட்கார்ந்தார்.

"டீச்சர், ஒரு நிமிஷம் இந்த ரூமுக்கு வாங்க" என்றாள் டெல்ஃபின், ஆர்டித்தின் காதருகே.

*

அரங்கத்தை ஒட்டிய சின்ன அறை. மேஜை மேல் ஒரு பழைய பதில் சொல்லும் இயந்திரம். யாரும் எடுக்காத போனுக்கு வந்த பேச்சைப் பதிவு செய்து வைக்கும் கருவி. சிவப்பு விளக்கு ஒன்று மினுக் மினுக்கென்றது.

ஆர்டித் அதைப் பார்த்தாள்.

"என் வீட்டுல இருந்ததாச்சே! எவ்வளவு திமிர் இருந்தா என் வீட்டுக்குள்ள நுழைஞ்சிருப்பே?"

"நீதிபதி கையெழுத்து இருக்கு. காலைல இருந்து நீங்க வீட்டுக்கே போகல. ஆறு முப்பத்தஞ்சுக்கு எங்க இருந்து ஜூனுக்கு போன் பண்ணினீங்க?"

"நெடுஞ்சாலை ஓட்டல்லேர்ந்து. அதுக்கென்ன?"

"ஏழு பேரும் உயிரோட இருக்கறப்போ, மூணுக்கு மூணு வந்தா என்ன ஆகும்னு ஏன் கேட்டீங்க?"

சுவருக்கு அப்பால் ஜனங்கள் பாடிக்கொண்டிருந்தார்கள்.

ஆர்டித் நாற்காலியில் உட்கார்ந்தாள். ஒரே நிமிடத்தில் பத்து வயது கூடினாள்.

"கொல்லப் போகல..." என்றாள். "கெஞ்சத்தான் போனேன். கடைசியா ஒரு தடவை. படிக்கு மேல நின்னேன். கீழ அவ யார்கிட்டயோ போன்ல பேசற சத்தம். வார்த்தை புரியல. அப்புறம் மேல ஏறி வந்தா. என்னைப் பார்த்தா. சிரிச்சா, டெல்ஃபின்! முப்பத்திநாலு வருஷம் நான் உசிரைக் கொடுத்த ஸ்கூலை மூடப்போறவ, என் மூஞ்சியைப் பார்த்துச் சிரிக்கிறா! 'நல்ல வேளை நீயே...'ன்னு ஆரம்பிச்சா. நான் முடிக்க விடல."

"ஏன் சிரிச்சாங்கன்னு தெரியுமா?"

"திமிர்!"

டெல்ஃபின் பொத்தானை அழுத்தினாள்.

கரகரப்பு. பின்னணியில் ஏதோ ஒரு பெரிய இயந்திரம் சீராக உறுமுகிற ஓசை. அதற்கு மேல் நோரீனின் குரல்!

"ஆர்டித், நான்தான். எடுக்க மாட்டேன்னு தெரியும், பரவாயில்ல. சத்தம் கேக்குதா? பாய்லர்! செத்துப்போச்சுன்னு கிரான்ஸ்டன் அறிக்கை கொடுத்தானே, அதே பாய்லர். எம்மெட் ஒரே தட்டுல கிளப்பிட்டான். அந்த அறிக்கை முழுக்கப் பொய்டி! நான் முட்டாள் மாதிரி நம்பிட்டேன். சாயந்தரம் உங்க பக்கம்தான் ஓட்டுப் போடப் போறேன். நாலுக்கு மூணு, ஸ்கூல் பிழைச்சுது. இதை முதல்ல உன்கிட்டதான் சொல்லணும்னு தோணுச்சு. திட்டறதுக்காகவாவது போன் பண்ணு."

கிளிக்.

சிவப்பு விளக்கு அணைந்தது.

ஆர்டித் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து, யாருடையவையோ போலப் பார்த்தாள்.

பிறகு முனகினாள்:

"ஸ்கூலாவது... பிழைச்சுதே. தீர்மானம் தோத்துடுச்சே. அது போதும் எனக்கு..."

டோபின் டெல்ஃபினைப் பார்த்தான். சொல்ல வேண்டாமே என்றது அவன் பார்வை.

டெல்ஃபின் சொன்னாள்.

"போர்டுல ரெண்டு நாற்காலி காலி, டீச்சர். நோரீனோடது ஒண்ணு. இப்போ உங்களோடது ஒண்ணு. காலி நாற்காலிக்கு ஆள் போடறது மீதி இருக்கிற அஞ்சு பேர். அதுல உங்க ஆளுங்க ரெண்டு, மூடச் சொல்றவங்க மூணு. அவங்களுக்குப் பிடிச்ச ஆள் ரெண்டு பேரை உட்கார வைப்பாங்க. அடுத்த மாசம் மறுபடி தீர்மானம் கொண்டு வருவாங்க."

"பாய்லர் அறிக்கை பொய்னு தெரிஞ்சு போச்சே!"

"கிரான்ஸ்டன் மேல தனியா கேஸ் போடுவேன். ஆனா அவருக்கு ஓட்டு கிடையாதே. அந்த மூணு பேருக்கும் பாய்லர் ஓடினா என்ன, ஓடாட்டி என்ன?"

ஆர்டித் தலையை நிமிர்த்தினாள்.

"அப்போ... எத்தனைக்கு எத்தனை?"

டெல்ஃபின் இடுப்பிலிருந்து கைவிலங்கை எடுத்தாள்.

"விரல் விட்டு எண்ணணும்னா இப்பவே எண்ணிக்கோங்க, டீச்சர்... இதை மாட்டிட்டா கொஞ்சம் கஷ்டம்!"