முதுகு காட்டி நிற்பவர்

கேத்தரின் அனுப்பியது ஆள் யாரும் இல்லாத மாடிப்படியின் படம். ஆனால் குழுவில் வந்த பாராட்டு, அந்தப் படியில் நின்றிருந்த மனிதரைப் பற்றியது.

"முதுகு காட்டி நிக்க வெச்சது நல்ல யோசனை மேடம். சுவரோட வெளிச்சத்துக்கு அந்தக் கறுப்பு உருவம் ரொம்பப் பொருத்தம்," என்று வைத்தீஸ்வரன் எழுதியிருந்தார். மொபைலில் கறுப்பு வெள்ளைப் படம் எடுப்பவர்களுக்காக அந்த வாட்ஸ்அப் குழுவை ஆரம்பித்தவர் அவர்தான். லேசில் யாரையும் மெச்சிவிட மாட்டார். அதற்குக் கீழே நிறையப் பேர் கைதட்டியிருந்தார்கள்.

கேத்தரின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். பெங்களூர் பிரேசர் டவுனில் அவள் குடியிருக்கும் பழைய வீட்டின் மாடிப்படி. காரை பெயர்ந்த சுவர், துருப்பிடித்த கைப்பிடி, மேல் ஜன்னலிலிருந்து சாய்ந்து விழுந்த மாலை வெயில். அவ்வளவுதான். வேறு யாருடைய படத்துக்கோ எழுதவேண்டியதை மாற்றி எழுதிவிட்டார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, "நன்றி சார்" என்று மட்டும் போட்டுவைத்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை குழுவினர் கப்பன் பார்க்கில் கூடினார்கள். மூங்கில் நிழலில் அவளுக்குப் பக்கத்தில் பிரபா வந்து உட்கார்ந்தாள். ஆம்பூர்ப் பெண், ஈஜிபுராவில் அறை எடுத்துத் தங்கி கால் சென்டரில் வேலை பார்க்கிறவள்.

"ஆன்ட்டி, அந்த ஸ்டெப்ஸ் போட்டோல நிக்கிறது அங்கிளா?"

"எங்க நிக்கிறாங்கம்மா?"

பிரபா தன் போனில் படத்தைத் திறந்து, படி திரும்புகிற இடத்தில் விரலை வைத்தாள். "இதோ, கறுப்பு டிரஸ்ல. மூஞ்சிதான் தெரியல."

விரல் இருந்த இடத்தில் கேத்தரினுக்குச் சுவர்தான் தெரிந்தது.

அவள் கணவர் ரெமிஜியஸ் போன வருஷம் ஈஸ்டருக்கு முந்தின தவக்காலத்தில் இறந்துபோனார். கல்யாணத்துக்குத் தைத்த கறுப்புக் கோட்டைப் போட்டுத்தான் பெட்டியில் வைத்தார்கள். அதன் பிறகு சாயங்காலங்களைத் தள்ள முடியாமல்தான் அவள் இந்தக் குழுவில் சேர்ந்தாள். துக்கம் விசாரிக்காத மனிதர்கள் வேண்டியிருந்தது. அதனால் இங்கே யாரிடமும் அதைச் சொன்னதில்லை.

"ஆமாம்மா," என்றாள். "எங்க வீட்டுக்காரர்தான்."

வீட்டுக்குப் போனதும் வாசற்கதவைத் திறந்துவைத்து ஒரு படம் எடுத்து அனுப்பினாள். அவள் கண்ணுக்கு வெற்று வாசல். பிரபா உடனே எழுதினாள்: "அங்கிள் ஏன் உள்ள வராம வாசல்லயே நிக்கிறாரு?"

கேத்தரின் இரண்டு கதவையும் அகலத் திறந்தாள். "உள்ள வாங்க ரெமி," என்றாள்.

கீழ்வீட்டு மிக்சியின் இரைச்சலும் மசூதி ரோட்டில் ஆட்டோக்கள் அடித்த ஹாரனும் யாரோ நடுவில் கம்பளம் ஒன்றைப் பிடித்த மாதிரி மங்கின. மழையில் நனைந்து நாளாகியும் காயாத துணியின் வாடையும் புதிதாகக் கிளறிய செம்மண்ணின் வாடையும் சேர்ந்து அவளைக் கடந்து மெதுவாக, மிக மெதுவாக, கூடத்துக்குள் போயின. கல்லறை மண் அப்படித்தானே மணக்கும் என்று அவள் தனக்குள் சொல்லிக்கொண்டாள். அழுகையும் சிரிப்புமாக வந்தது.

அதற்குப் பிறகு சாயங்காலம் என்றாலே படம்தான். கூடம், சமையலறை, சாப்பாட்டு மேசை. அவர் எங்கே நிற்கிறார் என்று குழுவினர் சொல்லச் சொல்ல, அந்தப் பக்கம் பார்த்து அவள் பேசினாள். அவள் பாடம் நடத்தும் பள்ளிக்கூடத்தில் இன்று என்ன நடந்தது, கேஸ் சிலிண்டர் ஏன் இன்னும் வரவில்லை, எல்லாம். காபி ஆற்றி மேசையில் வைத்தாள். காலையில் அது ஏடு படிந்து அப்படியே இருக்கும். எதிரே இருந்த நாற்காலியின் குஷன் மட்டும் நசநசவென்று ஈரமாக இருக்கும். ஒருநாள் தெரியாமல் அதில் உட்கார்ந்து, அந்தச் சில்லிப்பு எலும்புக்குள் இறங்கி, துள்ளி எழுந்தாள். பிறகு தான் பயந்ததை நினைத்து வெட்கப்பட்டு, பழந்துணியால் பதமாகத் துடைத்தாள்.

எல்லாப் படத்திலும் அவர் முதுகுதான் காட்டினார். சுவரைப் பார்த்தே நின்றார். கோபமாக இருக்குமோ என்று அவள் கவலைப்பட்டாள். கடைசியாகப் படுக்கையறையை எடுத்து அனுப்பினாள். "கட்டில் பக்கத்துல நிக்கிறாரு ஆன்ட்டி," என்று பிரபா எழுதினாள். அன்றிரவு கேத்தரின் அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துத் தூங்கினாள்.

அடுத்த வாரத்துக்கு வைத்தீஸ்வரன் கொடுத்த தலைப்பு, முகம். "கேத்தரின் மேடம், இந்தத் தடவையாவது உங்க வீட்டுக்காரரைக் கொஞ்சம் திரும்பச் சொல்லுங்க," என்றும் சேர்த்திருந்தார்.

மறுநாள் மாலை ஆறு மணிக்கே இருட்டிக்கொண்டு மழை கொட்டியது. கேத்தரின் கட்டிலில் உட்கார்ந்து, ரெமிஜியஸை முன்பு அவள் எடுத்திருந்த படம் ஒன்றைத் தேடிக் கறுப்பு வெள்ளையாக்கி அனுப்பினாள். கன்னத்தில் குழிவிழச் சிரிக்கும், குட்டையான, பூசின உடம்புக்காரர். "இவர்தான் அவர்."

வைத்தீஸ்வரன் எழுதினார்: "மேடம், இவர் வேற ஆளாச்சே. நாங்க பார்த்தவர் வாசல்ல நிலைக்குக் கீழே குனிஞ்சு நின்னாரு. கை முழங்காலுக்குக் கீழே தொங்குச்சு. வைட் லென்ஸ்ல எடுத்ததால அப்படி இழுபட்டுத் தெரியுதுன்னு நெனச்சேன்."

"நான் வைட்ல எடுக்கறதில்லை சார்," என்று எழுதினாள்.

பிரபா போன் செய்தாள். "ஆன்ட்டி, வீட்ல கூட யாரு இருக்காங்க?"

"யாரும் இல்லம்மா. அவர் போய் ஒரு வருஷம் ஆகப்போகுது."

"இப்ப எங்க உக்காந்திருக்கீங்க?"

"பெட்ரூம்ல."

"வெளிய வந்துடுங்க ஆன்ட்டி. போனை வைக்காதீங்க. மெதுவா எந்திரிச்சு வெளிய வந்துடுங்க."

கரண்ட் போனது. ஃபேன் சுற்றுவது தளர்ந்து நின்றது. மழைச் சத்தம் மங்கியது. கம்பளம் பிடித்த மாதிரி.

ஈரத்துணி வாடை.

அவள் எழுந்தாள். சுவரைத் தடவியபடி படுக்கையறை வாசல்வரை வந்தாள். கூடத்தைத் தாண்டினால் வெளிக்கதவு. கால் நகரவில்லை. எந்தப் பக்கம் நிற்கிறது? அவளுக்குத் தெரியாது. அவளுக்குத்தான் எதுவும் தெரியாதே.

போனைக் கூடத்தின் பக்கம் நீட்டி, ஃபிளாஷைப் போட்டு எடுத்தாள். ஒரு கணம் எல்லாம் வெளிறித் தெரிந்தது. மேசை. நாற்காலி. வெளிக்கதவு. நடுவில் ஒன்றுமில்லை. படத்திலும் ஒன்றுமில்லை. பிரபாவுக்கு அனுப்பினாள்.

"எங்க இருக்கும்மா? சீக்கிரம் சொல்லு."

"இருங்க... முழுக்கக் கறுப்பா இருக்கு ஆன்ட்டி. ஒண்ணுமே தெரியல."

"ஃபிளாஷ் போட்டுத்தானே எடுத்தேன். எனக்குக் கூடம் நல்லாத் தெரியுதே."

"கொஞ்சம் பிரைட் பண்ணிப் பாக்கறேன்." போனில் விரல் தட்டும் சத்தம். பிறகு நிதானமாக, தான் பார்ப்பதைத் தானே நம்பாதவளாக, பிரபா சொன்னாள்: "துணி ஆன்ட்டி. நெய்த நூல்கூடத் தெரியுது. லென்ஸ ஒட்டினாப்ல இருக்கு."

கேத்தரின் மூச்சை அடக்கினாள்.

"ஆன்ட்டி." பிரபாவின் குரல் கிசுகிசுப்பாகிவிட்டது. "பட்டன் இருக்கு. இது முதுகு இல்ல."

போன் திரையில் பிரபாவின் பெயர் ஒளிர்ந்துகொண்டிருந்தது. கேத்தரின் நிமிரவில்லை. மூச்சும் விடவில்லை. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, திரையின் மேல்விளிம்பிலிருந்து வெண்ணிறமாக மூச்சுக்காற்றின் ஆவி படிந்து, எழுத்தெழுத்தாக அந்தப் பெயரை மறைத்துக்கொண்டு கீழே இறங்கியது. ஆவி கலைந்தது. மீண்டும் படிந்தது.