வடக்குப் பார்த்த கதிரைகள்

காற்று தெற்கிலிருந்து அடித்துக்கொண்டிருந்தது. மணல்திட்டில் நின்ற உள்ளான் பறவைகளோ அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு வடக்கே பார்த்து நின்றன. ஸரீனாவுக்கு முதலில் அதுதான் சரியில்லை என்று பட்டது. எந்தப் பறவையும் காற்றுக்கு முகம் கொடுத்துத்தான் நிற்கும். முதுகுப் பக்கமாய் அடித்தால் இறகு கலைந்துபோகும். கலைந்துதான் போயிருந்தது. பிடரி இறகுகள் நிமிர்ந்து, வாலடி விரிந்து, ஒன்றுகூடத் திரும்பாமல், ஒன்றுகூடக் கத்தாமல், நூற்றுக்கணக்கில் நின்றன.

"வெளிக்கிடப் போகுதுகள்," என்றார் கீர்த்தனன், தொலைநோக்கியிலிருந்து கண்ணை எடுக்காமல். "சித்திரை முடியப்போகுது. இனி அதுகளுக்குச் சைபீரியாதான் வீடு."

கீர்த்தனன் வவுனியாவில் மிருக வைத்தியர். பறவை பார்ப்போர் கழகத்தைத் தொடங்கியவரும் அவர்தான். வலசை வந்தவை திரும்பிப்போகும் இந்த நாட்களில் ஆண்டுதோறும் கழகத்தாரை வேனில் ஏற்றிக்கொண்டு மன்னார்த் தீவுக்கு வந்துவிடுவார். இந்த முறை பத்துப் பன்னிரண்டு பேர் வந்திருந்தார்கள். பேசாலையைத் தாண்டி, வட கடலோரத்தில் ஒரு வாடகை வீடு. ஸரீனாவுக்குப் பறவைகளில் அவ்வளவு பைத்தியம் இல்லை. பைத்தியம் அவள் கணவர் நுஃமானுக்கு. அவர் போகுமிடமெல்லாம் அவளும் போவாள், அவ்வளவுதான்.

பகல் சாப்பாட்டில் யாரும் பேசவில்லை. சோறு, பாரை மீன் குழம்பு, பொரியல், பிறகு பாண், பிறகு பழம், பிறகு பயணத்துக்குக் கொண்டுவந்த பிஸ்கட் எல்லாம். கைகள் போய்வந்துகொண்டே இருந்தன. கோழி கொறிப்பதுபோல் சாப்பிடும் தனுசியா ரீச்சர் குழம்புச் சட்டியை மடியில் வைத்து விரலால் வழித்துக்கொண்டிருந்தாள். மீன் நெய் முழங்கைவரை வழிந்தது. அவள் துடைக்கவில்லை.

சமைத்துப்போட வந்த அபூசாலி வெறும் பானையைக் கவிழ்த்துக் காட்டினார். "என்ன மகள் இது? ராவைக்கும் சேர்த்தெல்லோ ஆக்கினனான்."

"கடல் காத்து, மாமா. பசிக்கும்தானே," என்று ஸரீனா சிரித்தாள். அவளுக்கு மட்டும் பசியே இல்லை.

பின்னேரம் அவள் கண்ணயர்ந்துவிட்டாள். விழித்தபோது மழை பெய்வதுபோல் கேட்டது. கிடுகுக் கூரையில் பெருந்துளிகள் விழுவதுபோல், விடாமல், ஒரே சீராக. ஆனால் யன்னல் வழியே வெயில் மஞ்சளாய் விழுந்துகொண்டிருந்தது. கருவாட்டு வாடையும் காய்ந்த பாசியின் வாடையும் காற்றில் கலந்து வந்தன. எழுந்து விறாந்தைக்குப் போனாள்.

பிளாஸ்ரிக் கதிரைகளையெல்லாம் வரிசையாக வடக்கே திருப்பிப் போட்டு அவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். வேன் சாரதிகூட. ஒருவர் கழுத்திலும் தொலைநோக்கி இல்லை. கால்கள் மட்டும் சீமெந்துத் தரையைத் தட்டிக்கொண்டிருந்தன. எல்லாக் கால்களும். ஒன்றாக.

"இஞ்சருங்கோ," என்று நுஃமானின் தோளைத் தொட்டாள். "என்ன, எல்லாரும் இப்பிடி இருக்கிறீங்கள்?"

"இருக்கேலாமக் கிடக்கு, ஸரீனா."

"நெஞ்சு நோகுதோ? ஆஸ்பத்திரிக்குப் போவமா?"

"போகோணும்," என்றார். ஆறுதலாக, பிரியமாகத்தான் சொன்னார். "அங்கால போகோணும்."

"எங்க?"

அவர் தாடையைக் கடலை நோக்கி உயர்த்தினார்.

அவர் கழுத்தில் கை வைத்தாள். காய்ச்சலைவிடச் சூடு. தோலுக்கு அடியில் நாடி துடிக்கவில்லை, படபடத்தது, இடைவெளியே இல்லாமல். பயந்துபோய் இரு கைகளாலும் அவரைப் பிடித்து இழுத்தாள். நுஃமான் பெரிய உடம்புக்காரர். பகல் மூன்று பேர் சோற்றைத் தின்றவர். அவள் இழுத்த இழுப்புக்கு வெறும் சீலைப்பைபோல் எழும்பி வந்தார். பாரமே இல்லை. விட்டுவிட்டாள். அவர் கதிரையில் விழுந்தபோது கதிரை சத்தம் போடவில்லை.

ஸரீனா குசினிக்கு ஓடினாள். "மாமா! அபூசாலி மாமா!" அடுப்பு அணைந்திருந்தது. அவர் மஹ்ரிப் தொழுகைக்குப் பள்ளிவாசலுக்குப் போய்விட்டிருந்தார். ஃபோனைக் கையில் எடுத்தாள். யாருக்கு எடுப்பது? என்னவென்று சொல்வது? சாப்பிட்டார்கள், கடலைப் பார்த்துக்கொண்டு இருக்கிறார்கள் என்றா?

அப்போது மழைச்சத்தம் நின்றது.

விறாந்தையில் யாரும் இல்லை.

அவர்கள் மணல்திட்டில் இருந்தார்கள். பறவைகளுக்கு நடுவே. ஆள் நெருங்கினால் சிதறிப் பறக்கும் உள்ளான்கள் அசையாமல் வழிவிட்டு நின்றன. சூரியன் இறங்கி, நீரும் மணலும் ஒரே ஈயநிறமாகிக்கொண்டிருந்தன. ஸரீனா செருப்பை உதறிவிட்டு ஓடினாள். ஈரமணல் காலை இழுத்தது. முன்னால் ஏதோ விசில் அடித்ததுபோல் ஒரு குரல். பறவையா, மனிதரா, தெரியவில்லை. முழுக் கூட்டமும் ஒரே உதறலில் எழும்பியது. சிறகுகளின் காற்று அவள் முகத்தில் அறைந்தது. கண்ணைத் திறந்தபோது திட்டு வெறுமையாகக் கிடந்தது.

அவர்கள் நீருக்குள் இறங்கிவிட்டிருந்தார்கள்.

நுஃமானுக்கு நீந்தத் தெரியாது. குழந்தைகளோடு விளையாடும்போதுகூட முழங்காலுக்கு மேல் கடலில் நிற்கமாட்டார். இப்போது நெஞ்சளவு நீரில் போய்க்கொண்டிருந்தார்.

"இஞ்சருங்கோ! நில்லுங்கோ! யா அல்லாஹ்!"

இடுப்பளவு. மார்பளவு. எட்டி அவர் சேட்டுக் கொலரைப் பிடித்தாள். பிடித்தும்விட்டாள்.

அவர் திரும்பினார். முகம் முழுதாகத் திரும்பவில்லை. கழுத்தை மட்டும் ஒரு பக்கம் சாய்த்து, ஒற்றைக் கண்ணால் அவளைப் பார்த்தார். வட்டமான கண். இமைக்காத கண். அதில் கோபமில்லை. அவளைத் தெரிந்த குறியும் இல்லை.

கை நழுவியது.

மேலே பறவைகள் கூரம்பாக அணிசேர்ந்து வடக்கே போயின. கீழே தலைகள். கழுத்துவரை நீர். கை வீச்சு இல்லை. நுரை இல்லை. அவையும் கூரம்பாகவே போயின, அதே வேகத்தில். முனையில் கீர்த்தனன். கொஞ்ச நேரத்தில் அவர் களைத்தவர்போல் பின்வாங்க, நுஃமான் முன்னால் வந்தார். இடம் மாறும்படி ஒருவரும் சொல்லவில்லை. ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

ஸரீனா மார்பளவு நீரில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

நுஃமானுக்கு அடுத்த இடம் வெறுமையாக இருந்தது. பின்னால் வந்த தனுசியா அதை நிரப்பவில்லை. அவளுக்குப் பின்னால் வந்தவர்களும் நெருங்கவில்லை. ஓர் ஆள் அளவு இடம், வெறும் கறுத்த நீர், கலையாமல், மூடாமல், அவர்களோடு வடக்கே போய்க்கொண்டிருந்தது.